முதல் வேலையும் முதல் தவணையும்

அன்புள்ள ஐயா,

எனக்குச் சாத்தூர் பக்கம். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த மாணவி. சின்ன வயதிலிருந்தே வரைவேன். சென்னையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் கிராபிக் டிசைனுக்கு இடம் கிடைத்திருக்கிறது. நான்கு வருடம், வருடத்துக்கு 3 லட்சம். முடித்தால் 6 லட்சம் பேக்கேஜ் என்று சேர்க்கை அலுவலகத்தில் சொன்னார்கள். கடனுக்கு வங்கியில் வீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள். "படம் வரைய எதுக்கு 12 லட்சம்?" என்கிறார் மாமா. ஏஐ வந்தபிறகு இந்த வேலையே இருக்காது என்றும் சொல்கிறார். அப்பா சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறார். அவருக்கு இந்தப் படிப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. கடன் வாங்கிச் சேரலாமா?

ச.

அன்புள்ள ச.,

உன் கடிதத்தில் ஒரு வரி என்னைக் கோபப்படுத்தியது. அதற்கு அப்புறம் வருகிறேன். ஏஐ பயத்தை மாமாவிடமே விட்டுவிடு. பதினெட்டு வயதில் அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

கணக்கைப் பார்ப்போம். வருடத்துக்கு 3 லட்சமாக 12 லட்சம் வாங்குகிறாய். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள். படிக்கும் நான்கு வருடமும் அதற்குமேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். தவணை தொடங்கும் நாளில் உன் கடன் 16.2 லட்சம் ஆகியிருக்கும். பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 21,400 ரூபாய். பதினைந்து வருடம் என்றால் 17,400. அந்த 6 லட்சம் பேக்கேஜ் கிடைத்தாலும் மாதம் 50,000 முழுசாகக் கைக்கு வராது. அது கிடைத்தது வகுப்பில் முதல் ஆளுக்கா, நடுவில் இருக்கும் ஆளுக்கா? கேட்டாயா? போன வருடம் முடித்தவர்களில் நாலைந்து பேரைத் தேடிப் பிடித்துப் பேசு. கல்லூரி காட்டுகிற ஆட்களிடம் பேசாதே.

ஆனால் நான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருப்பது தவணைத் தொகையைப் பற்றி அல்ல. இந்தத் தொழிலில் நல்ல முதல் வேலைக்குப் பெரும்பாலும் சம்பளம் குறைவு. கடன்காரியால் அந்த வேலைக்குப் போக முடியாது.

இளவயதில் திருவல்லிக்கேணியில் ஒரு சின்ன அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தேன். அங்கே லே-அவுட் செய்பவர் ஒருவர் இருந்தார். நல்ல வேலைக்காரர், கெட்ட வாய். அவரிடம் இரண்டு பையன்கள் சேர்ந்தார்கள். ஒரு நாள் புத்தக அட்டை ஒன்று மெஷினிலிருந்து வந்தது. பின்னட்டையில் பொடி எழுத்துகளுக்கெல்லாம் ஓரத்தில் சிவப்பும் நீலமுமாக நிழல். லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு அவர் கத்தினார்: "கறுப்பு எழுத்தை நாலு பிளேட்லயும் விட்டிருக்கே! ரிஜிஸ்டர் தலைமுடி அளவு விலகினாலும் எழுத்து ரெண்டாத் தெரியும்டா!" கலர் அச்சில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலு நிறத்துக்கு நாலு பிளேட். அவை ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவதைத்தான் ரிஜிஸ்டர் என்பார்கள். எழுத்து கறுப்பு பிளேட்டில் மட்டும்தான் இருக்கவேண்டும். கம்ப்யூட்டர் திரையில் நாலு பிளேட் கறுப்பும் ஒற்றைப் பிளேட் கறுப்பும் ஒரே கறுப்பாகத்தான் தெரியும். அன்றைக்குத் திட்டு வாங்கியவன் அதற்குப் பிறகு அந்தத் தப்பைச் செய்து நான் பார்க்கவில்லை.

இரண்டு பேரில் அவனுக்குத்தான் கை நன்றாக ஓடும். ஆனால் அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடன் அவன் தலையில் இருந்தது. சில மாதங்களிலேயே பிளெக்ஸ் பேனர் கடைக்குப் போய்விட்டான். அங்கே இரண்டு மடங்கு சம்பளம். பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, காதுகுத்து என்று ஒரு நாளைக்கு இருபது பேனர். மற்றவன் சுமாரான பையன். வீட்டில் அவன் சம்பளத்தை நம்பி யாரும் இல்லை. திட்டு வாங்கிக்கொண்டே அங்கேயே கிடந்தான். இன்று அவன் அட்டை செய்து தந்தால் பதிப்பாளர்கள் வாயைத் திறக்காமல் பணம் தருகிறார்கள். முதலாமவன் இன்னும் பேனர்தான் செய்கிறான். திறமையில் குறைவில்லை, இருந்து கற்றுக்கொள்ள அவனுக்குக் காசில்லை, அவ்வளவுதான்.

இப்போது அந்த வரி. "அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது." உனக்கு எப்படித் தெரியும்? கேட்டுப் பார்த்தாயா? ஓரத்தில் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடாமல் செய்த டிசைனை வெட்டும்போது வெள்ளைக் கோடு விழுமே, அதை முதலில் பார்க்கிற ஆள் அவர்தான். எந்த அளவில் வைத்தால் தாள் வீணாகாது, எந்தத் தாள் மடித்தால் வெடிக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். டிசைன் பட்டம் வாங்கி வருகிறவர்களின் தப்புகளை வருடக்கணக்காக வெட்டிச் சரி செய்துகொண்டிருப்பவரைப் பற்றி நீ இப்படி எழுதுகிறாய். ஆடி 18க்கு, அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளைத் தொகுத்த காலண்டர் ஆல்பம் வெளிவருகிற ஊரில் அவர் வேலை பார்க்கிறார். அந்த ஆல்பத்தை வாங்கிவரச் சொல்லி ஒவ்வொரு பக்கமாக அவரோடு உட்கார்ந்து பார். எது நன்றாக இருக்கிறது என்று கேட்காதே, எது அச்சில் கழுத்தறுத்தது என்று கேள். மெஷின் ஓடும்போது ஒரு நாள் கூடவே போய் நில். அவர் கூச்சப்படுவார். பரவாயில்லை, போ.

படிப்பை விட்டுவிடு என்று சொல்லவில்லை. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னைக் கல்லூரி 1850இல் தொடங்கியது, அங்கே விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் பட்டமே உண்டு. கணக்குப் பாடம் எடுத்திருந்தால் கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பிரிண்டிங் அண்ட் பேக்கேஜிங் டெக்னாலஜியைப் பார். அங்கே அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அரசுப் பள்ளி மாணவிகளுக்கான புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். இதையெல்லாம் பள்ளியில் யாரும் சொல்லவில்லையா? சொல்லியிருப்பார்கள், உன் கண் அந்தப் பளபளப்பான கையேட்டிலேயே இருந்திருக்கும்.

கடன் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் 7.5 லட்சத்தைத் தாண்டாதே. அதுவரை பொதுவாகச் சொத்து அடமானம் கேட்க மாட்டார்கள். மாணவிகளுக்குப் பல பொதுத்துறை வங்கிகளில் அரை சதவீதம் வட்டி குறைவு, அதையும் கேட்டு வாங்கு. மாமாவிடம் சண்டை போடாதே. அவர் கேட்டது நியாயமான கேள்வி, கேட்ட விதம்தான் சரியில்லை.

பல்கலைக்கழகத்தில் முன்பணம் கட்டிவிட்டீர்களா என்று எழுதவில்லையே. கட்டியிருந்தால், சேர்க்கையை ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெற யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி இருக்கிறது. அதற்குக் கடைசித் தேதி உண்டு. இன்றே பார்த்து, எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்.