காலநிலைப் பேரிடர்களில் மக்களைக் காப்பாற்ற நகரங்கள் என்ன செய்ய வேண்டும்?

நகரத் திட்டமிடல் படிக்கிறவர் போல, அதனால்தான் கேள்வியைப் பெரிதாகக் கேட்டிருக்கிறீர்கள். சைரன், செயலி, மரம் நடுதல் பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எலக்ட்ரீஷியன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்: மருத்துவமனை, வெள்ளநீரை இறைக்கும் பம்ப் நிலையம் போன்ற இடங்களில் கட்டடம் முழுக்க மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் மெயின் பேனலைத் தரைக்கு அடியில் வைக்காதீர்கள்.

நான் பராமரிப்பு பார்த்த ஒரு மருத்துவமனையில் பேனல், ஜெனரேட்டர், டீசல் டேங்க் எல்லாமே பேஸ்மெண்ட்டில்தான். மேலே மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். "இத்தனை வருஷத்தில் எப்போதாவது தண்ணீர் வந்ததா?" என்று நிர்வாகத்தில் சிரித்தார்கள். நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையைச் சொன்னேன். 2012 சாண்டி புயலின்போது அங்கே ஜெனரேட்டர்கள் 13வது மாடியில் பத்திரமாக இருந்தன. ஆனால் டீசலை மேலே ஏற்றும் பம்ப் பேஸ்மெண்ட்டில் இருந்ததால் மூழ்கிப்போனது. மாடிப்படியில் வரிசையாக நின்று டீசலைக் கைமாற்றி ஏற்றினார்கள். அப்படியும் கடைசியில் நோயாளிகளை வெளியேற்ற வேண்டிவந்தது.

எவ்வளவோ மன்றாடியபின், ஐசியூவுக்குப் போகும் பேனலையும் அதற்கென ஒரு சின்ன ஜெனரேட்டரையும் மட்டும் முதல் மாடியில் வைக்கச் சம்மதித்தார்கள். டீசலும் அதன் பக்கத்திலேயே. அடுத்து வந்த பெருமழையில் பேஸ்மெண்ட் கூரைவரை நிரம்பியது. கட்டடம் முழுக்க இருட்டு. வென்டிலேட்டர்கள் மட்டும் நிற்கவில்லை. தற்பெருமை என்று யாராவது எழுதுவீர்கள், எழுதிக்கொள்ளுங்கள்.

பாராட்டுக் கூட்டத்தில் மேடை ஏறியது யார் தெரியுமா? அன்று சிரித்தவர்தான். என் பதவி உயர்வு, டிப்ளமோ போதாது என்று இன்றுவரை நிற்கிறது. வேலைக்கு நேற்று சேர்ந்த பட்டதாரிக்கு நான்தான் பேனல் காட்டிக் கொடுக்கிறேன். சரி, அது வேறு கதை.

"வெயிலுக்கு இது உதவுமா?" என்றும் கேட்பீர்கள். 1995இல் சிகாகோ வெப்ப அலையில் 700 பேருக்கு மேல் இறந்தபோது பல வீடுகளில் மின்சாரமும் போயிருந்தது. அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும், மறுக்கவில்லை. பேனலை மேலே மாற்றச் செலவு அதிகம் என்பவர்கள் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரைப் பாருங்கள். 2001 அலிசன் புயலில் அங்குள்ள பெரிய மருத்துவ வளாகத்தின் கீழ்த்தளங்கள் மூழ்கின. பிறகு வெள்ளத் தடுப்புக் கதவுகள் போட்டார்கள், மின்சாதனங்களை உயர்த்தினார்கள். 2017 ஹார்வி மழையில் அங்கே பெரும்பாலான மருத்துவமனைகள் தொடர்ந்து இயங்கின.

உங்கள் ஆய்வுக்கு ஒரு வேலை சொல்கிறேன்: நகரின் ஒவ்வொரு மருத்துவமனையிலும் பேனல் எந்தத் தளத்தில் இருக்கிறது, டீசல் பம்ப் எங்கே என்று பட்டியல் எடுங்கள். அதிகாரியைக் கேட்காதீர்கள், அங்கே ஷிஃப்ட்டில் இருக்கும் எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள்.