மூங்கில் கைவினை ஏன் தொழிலாக வளரவில்லை?

கிராமத்து மூங்கில் கூடைக்கு இவ்வளவு மவுசு இருந்தும் அது ஏன் பெரிய தொழிலாகவில்லை என்று கேட்டிருந்தீர்கள். பலர் விற்பனையிலிருந்து தொடங்குவார்கள். நான் மூங்கிலைத் துளைக்கும் வண்டு என்ற பூச்சியிலிருந்து தொடங்குகிறேன்.

பொங்கலுக்கு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வாங்கிய முறத்தைச் சுவரில் மாட்டியிருந்தோம். சில மாதங்களில் அதன் கீழே மாவு சலித்ததுபோல் மஞ்சள் தூள். மூங்கிலின் மாவுச்சத்தைத் தேடி வரும் துளைவண்டின் வேலை. 3, 4 வயது முற்றிய கழியாக வெட்டி, போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து, நன்றாக உலர்த்தினால் பெரும்பாலும் தப்பிக்கும். ஆனால் தொட்டி, கூரை, உலரும்வரை காத்திருக்கக் கையில் காசு... தனியாகப் பின்னுகிற அக்காவுக்கு இது கட்டுப்படியாகாது.

அப்புறம் அளவு. ஹோட்டலிலிருந்து 500 கூடை ஒரே மாதிரி கேட்டால், கையால் பிளந்த பிளாச்சு (பின்னுவதற்கான மூங்கில் பட்டை) ஒவ்வொன்றும் ஒரு தடிமன். பிளப்பதை இயந்திரத்துக்கு விட்டு, பின்னலை மட்டும் கையில் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

சட்டமும் குறுக்கே நின்றதுண்டு. இந்தியாவில் 2017 வரை தோட்டத்து மூங்கில்கூட வனச் சட்டத்தின்படி மரம்தான்; வெட்டவும் கொண்டுபோகவும் பொதுவாக அனுமதி வாங்க வேண்டியிருந்தது. திருத்தம் வந்த பிறகே காட்டுக்கு வெளியே வளர்ந்த மூங்கில் அந்தப் பட்டியலிலிருந்து நீங்கியது.

விலையில் பிளாஸ்டிக்கோடு மோதவே வேண்டாம். கோலாலம்பூரின் கைவினைச் சந்தையான பாசார் செனிக்கு வருபவர் கூடையைத் தண்ணீர் மொள்ளவா வாங்குகிறார்?