பழைய வீரர்களின் அட்டைகளை வைத்துப் பகடை உருட்டிப் பேஸ்பால் தொடர் ஆடிப் பார்த்ததுண்டா? அந்த முடிவை நம்பலாமா?

ஆடியிருக்கிறேன். போன குளிர்காலத்தில் நானும் என் மைத்துனரும் சாப்பாட்டு மேசையிலேயே ஏழு ஆட்டத் தொடர் ஒன்றை ஆடி முடித்தோம். அவருக்குப் பாஸ்டன் ரெட் சாக்ஸ், எனக்கு நியூயார்க் யாங்கீஸ். அந்த அணிக்கு எந்தக் காலத்தில் ஆடியவரையும் சேர்க்கலாம், ஆனால் ஆளுக்கு ஒரே ஒரு சீசனைத்தான் எடுக்கலாம் என்பது விதி.

முதல் நாளே வாக்குவாதம், பேப் ரூத் யாருக்கு என்று. 1914 முதல் 1919 வரை பாஸ்டனில் இருந்தவர், பந்து வீசிப் பெயர் வாங்கியதும் அங்கேதான். அப்புறம் 1,00,000 டாலருக்கு அவரை யாங்கீஸுக்கு விற்றுவிட்டார்கள். கடைசியில் இருவருமே எடுத்துக்கொண்டோம்: மைத்துனருக்குப் பந்து வீசும் 1916-ன் ரூத், எனக்கு மட்டை பிடிக்கும் 1927-ன் ரூத்.

நாங்கள் ஆடியது ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் முறையில். ஹால் ரிச்மன் என்பவர் உருவாக்கி 1961-ல் விற்கத் தொடங்கிய பகடை ஆட்டம் அது. மொத்தம் மூன்று பகடைகள். வெள்ளைப் பகடையில் 1, 2, 3 விழுந்தால் மட்டை பிடிப்பவரின் அட்டையைப் பார்க்க வேண்டும். 4, 5, 6 என்றால் பந்து வீசுபவரின் அட்டையை. மற்ற இரண்டின் கூட்டுத்தொகை எந்த வரி என்று சொல்லும்.

1916 ரூத்தின் அட்டையை நாங்களே கையால் எழுதினோம். அந்த சீசனில் 323 இன்னிங்ஸுக்கு மேல் வீசியும் அவர் ஒரு ஹோம் ரன்கூட (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி) விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் அட்டையில் ஹோம் ரன் என்ற வரியே கிடையாது. எதிரில் நிற்பவரோ ஒரே சீசனில் 60 ஹோம் ரன் அடித்த ரூத்.

மூன்றாம் ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ், தளங்களில் என் ஆட்கள் இரண்டு பேர். வெள்ளைப் பகடை உருண்டு போய்த் தண்ணீர்ச் சொம்பில் முட்டி 4-ல் நின்றது. மற்ற இரண்டும் சேர்ந்து 5. ஸ்ட்ரைக் அவுட், அதாவது பந்தை அடிக்க முடியாமலே என் ரூத் அவுட்! வெள்ளையில் மட்டும் 3 விழுந்திருந்தால், அதே 5-க்கு என் ரூத்தின் அட்டையில் ஹோம் ரன் என்று இருந்தது. மைத்துனர் எழுந்து நின்று கை தட்டினார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வர வெகுநேரம் ஆனது.

தொடரை 4-3 என்று பாஸ்டன் ஜெயித்தது.

சரி, நம்பலாமா? எங்கள் முடிவை நம்ப வேண்டாம். ஏழே ஆட்டங்களில் பகடையின் கைதான் ஓங்கும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நாங்கள் செய்த ஒரு தவறு: எண்களை அப்படியே அட்டையில் ஏற்றிவிட்டோம். 1916-ல் பந்து அவ்வளவு தூரம் பறக்காது. அந்த ஆண்டு, இந்த இரண்டு அணிகளும் ஆடும் அமெரிக்கன் லீக்கில் அதிகமாக ஹோம் ரன் அடித்த வாலி பிப் அடித்ததே 12தான். அந்தக் காலத்தில் ஹோம் ரன் விடாமல் இருப்பதும், பின்னால் வந்தவர்கள் விடாமல் இருப்பதும் ஒன்றாகாது. ஃபீல்டர்களின் பிழையால் வந்தவை நீங்கலாக, ஒன்பது இன்னிங்ஸுக்கு 1916 ரூத் விட்டது சராசரியாக 1.75 ரன், 2000-ல் அதே பாஸ்டனுக்குப் பந்து வீசிய பெட்ரோ மார்ட்டினஸ் விட்டது 1.74. பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஆனால் முன்னதில் லீக் சராசரியே 3-க்குக் கீழே. பின்னதில் கிட்டத்தட்ட 5! பெட்ரோவின் அட்டை ரூத்தின் அட்டையைவிட எவ்வளவோ மேலே இருந்திருக்க வேண்டும்.

எனக்கு நிஜமாகவே உறுத்துவது வேறொன்று. 1947-ல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை, அரை நூற்றாண்டுக்கும் மேலாக, கறுப்பின வீரர்களைப் பெரிய லீக்குகளில் சேர்க்கவே இல்லை. ரெட் சாக்ஸ் 1959 வரை இழுத்தடித்தது, எல்லா அணிகளுக்கும் கடைசியாக. ரூத்தின் 60 ஹோம் ரன்களில் ஒன்றுகூட ஒரு கறுப்பினப் பந்துவீச்சாளருக்கு எதிராக அடித்ததில்லை. அந்த எண்ணை எப்படிச் சரிசெய்வது?

இப்போது எல்லா அட்டைகளையும் அந்தந்த லீக் சராசரியோடு ஒப்பிட்டு மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறோம். அடுத்த தொடரில் மைத்துனர் கறுப்பினத் தனி லீக்குகளின் வீரர்களை எடுக்கிறார். என் ரூத்துக்கு முதல் பந்தை வீசப்போவது சாட்செல் பெய்ஜ்.