மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது வைஃபை ஏன் தடுமாறுகிறது?

ஒரு கருவியிலிருந்து வெளிப்படும் அலைகள் இன்னொரு கருவியின் சமிக்ஞையைக் குலைப்பதையே மின்காந்தக் குறுக்கீடு என்கிறோம். மைக்ரோவேவ் அடுப்பு ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகிறது; வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் அதே இடத்தில் இருப்பதால், கதவோரம் கசியும் சிறிதளவு அலைகூட ரவுட்டரின் மெல்லிய சமிக்ஞையை அமுக்கிவிடுகிறது. இரைச்சலிடும் மோட்டாருக்குப் பக்கத்தில் நின்று பேசுபவர் சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டியிருப்பதைப் போல, ரவுட்டரும் தொலைந்த தரவை மீண்டும் மீண்டும் அனுப்புவதால் வேகம் குறைகிறது. அடுப்பு மணியடித்து நின்றதும், உறைந்திருந்த வீடியோ தானாக ஓடத் தொடங்கினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ரவுட்டரைத் தள்ளி வைப்பது ஓரளவு உதவும். வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறுவதே உருப்படியான தீர்வு, சுவர்களைத் தாண்டுவதில் அது சற்றுப் பலவீனமானது என்றாலும்.

அலை கசிகிறது என்றதும் அடுப்பு பழுதாகிவிட்டதாகப் பலர் அஞ்சுகிறார்கள். பாதுகாப்பு வரம்புக்கு மிகக் கீழான கசிவே வைஃபையைக் குலைக்கப் போதுமானது.