கோடு விழும் செக்ஷன், கழன்று போகும் டிஷ்யூ: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இருந்து வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒன்றைத் தவிர எல்லாம் ஹிஸ்டோபேத்தாலஜி லேபில், அதாவது உடலில் இருந்து எடுத்த டிஷ்யூவை மெல்லிய செக்ஷன்களாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் லேபில், வேலை செய்கிறவர்களும் படிக்கிறவர்களும் கேட்டவை. அந்த ஒன்று ஒரு மகன் தன் அம்மாவுக்காகக் கேட்டது, அதையும் தள்ள மனம் வரவில்லை.

கேள்வி (தருமபுரி, தனியார் லேப் டெக்னீஷியன்): மேடம், கர்ப்பப்பை பிளாக் (டிஷ்யூவைப் புதைத்த வேக்ஸ் கட்டி) வெட்டினால் ஷட்டர் கதவு மாதிரி வரி வரியாக வருகிறது. பிளேடு மாற்றியும் அதே கதைதான். மைக்ரோடோமுக்கு (செக்ஷன் சீவும் மெஷினுக்கு) வயசாகிவிட்டதா?

பதில்: மெஷினைக் குறை சொல்வதற்கு முன்னால் ரிப்பன், அதாவது ஒன்றோடொன்று ஒட்டி வரும் செக்ஷன் வரிசை, வாட்டர் பாத்தின் வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கும்போது கொஞ்சம் சாய்வாகக் குனிந்து பாருங்கள். வரிகள் டிஷ்யூவில் மட்டும் இருக்கிறதா, இல்லை சுற்றி இருக்கிற வெறும் வேக்ஸிலும் ஓடுகிறதா? பாதி விடை அங்கேயே இருக்கிறது. வேக்ஸிலும் ஓடினால் ஏதோ ஒன்று ஆடுகிறது. பிளேடு கிளாம்ப், பிளாக்கைப் பிடிக்கும் கிளாம்ப், பிளேடு ஹோல்டரை அடியில் பூட்டும் லீவர், மூன்றையும் கையால் அசைத்துப் பாருங்கள். பிளாக்கைத் தாங்கும் பிளாஸ்டிக் காசெட்டின் ஓரத்திலும் பின்புறத்திலும் வழிந்து உறைந்த வேக்ஸைச் சுரண்டாமல் மாட்டினாலும் பிளாக் சரியாக உட்காராது, திருகு இறுக்கமாக இருப்பது போலத்தான் தெரியும், ஆனால் ஒவ்வொரு வெட்டுக்கும் உள்ளே நடுங்கிக்கொண்டிருக்கும். கிளியரன்ஸ் ஆங்கிள் (பிளேடுக்கும் பிளாக்கின் முகத்துக்கும் இடையே உள்ள சாய்வு) தேவைக்கு அதிகமாகச் சாய்ந்திருந்தாலும் இதே வரிகள் வரும். அதை ஒவ்வொரு டிகிரியாக மாற்றி, ஒவ்வொரு முறையும் நாலு செக்ஷன் எடுத்துப் பாருங்கள். ஆங்கிளையும் பிளேடையும் வேகத்தையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது குணமாக்கியது என்று கடைசிவரை தெரியாது, அடுத்த வாரம் திரும்ப முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

வேக்ஸ் சுத்தமாக இருந்து டிஷ்யூ மட்டும் வரி விழுந்தால், உங்கள் விஷயத்தில் அதுதான் என்று நினைக்கிறேன், டிஷ்யூ காய்ந்து இறுகிப் போயிருக்கிறது. கர்ப்பப்பைத் தசை, அதிலும் ஃபைப்ராய்டு, இயல்பிலேயே கெட்டி. வேக்ஸ் ஏற்றுவதற்கு முன்னால் ஆல்கஹாலிலும் சைலீனிலும் தேவைக்கு மேல் இருந்தால் இருக்கிற ஈரமும் போய்விடும். டிரிம் செய்த பிறகு, அதாவது மேலே உள்ள வேக்ஸைச் சீவி டிஷ்யூ தெரிந்த பிறகு, பிளாக்கின் முகத்தை ஈரமான ஐஸ் மேல் ஐந்து பத்து நிமிடம் கவிழ்த்து வையுங்கள். உருகும் ஐஸ் முக்கியம், ஃப்ரீஸரில் காய்ந்து கிடக்கும் கூல் பேக் குளிர வைக்குமே தவிர ஈரம் தராது. எடுத்து மாட்டி, வீலை மெதுவாக, ஒரே சீராகச் சுற்றுங்கள். ஈரம் மேல்பரப்பில் கொஞ்ச ஆழம்தான் இறங்கியிருக்கும், அதனால் முதலில் வரும் நல்ல செக்ஷன்களை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. குறுக்கே வராமல் வெட்டும் திசையிலேயே நீளமாகக் கீறல் விழுந்தால் அது வேறு சங்கதி. பிளேடைப் பக்கவாட்டில் கொஞ்சம் நகர்த்துங்கள். கீறலும் இடம் மாறினால் பிளேடில் பல் விழுந்திருக்கிறது. டிஷ்யூவின் அதே இடத்திலேயே கீறல் நின்றால் உள்ளே சுண்ணாம்புப் படிவோ தையல் நூலோ இருக்கிறது. சுண்ணாம்பு என்றால் பிளாக்கின் முகத்தை நீர்த்த அமிலத்தில், 1% ஹைட்ரோகுளோரிக் அமிலம் போதும், கொஞ்ச நேரம் கவிழ்த்து வைத்து, நன்றாகக் கழுவிவிட்டு வெட்டலாம்.

கேள்வி (ஓசூர்): டிசம்பர், ஜனவரி காலைகளில் ரிப்பனே வருவதில்லை. ஒவ்வொரு செக்ஷனும் தனித்தனியாகச் சுருண்டுகொள்கிறது. மதியம் தானாகச் சரியாகிவிடுகிறது. ஏன்?

பதில்: குளிர்தான். ஓசூர் கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே இருக்கிறது, தருமபுரி அதில் பாதி உயரம்தான். வேக்ஸ் கடினமானால் ஒரு செக்ஷனின் ஓரம் அடுத்ததோடு ஒட்டுவதற்கு வேண்டிய லேசான இளக்கம் இல்லாமல் போகிறது. தருமபுரிக்காரர்கள் சொல்கிறார்கள் என்று ஐஸில் நீங்களும் அதே நேரம் வைக்காதீர்கள், உங்கள் காலைக் குளிருக்கு அது அதிகம், பிளாக்கில் வெடிப்பே விழும். பிளாக்கின் மேல் வாயால் மெல்ல ஒரு முறை ஊதினாலே ரிப்பன் கோத்துக்கொண்டு வரும். ஆனால் ஊதியவுடன் வருகிற செக்ஷன் நீங்கள் வைத்த அளவைவிடத் தடிமனாக இருக்கும், சூட்டில் வேக்ஸ் விரிவதால். சிறுநீரக பயாப்ஸி மாதிரி 2, 3 மைக்ரான் கணக்கு பார்க்கிற இடத்தில் அதை எடுக்க வேண்டாம்.

அதே வேக்ஸ் தருமபுரியில் ஏப்ரல் மதியம் நேர்மாறாக நடந்துகொள்ளும். இளகி, செக்ஷன் நசுங்கிக் குறுகி வரும். அங்கே ஐஸ்தான் துணை. உருகுநிலை கொஞ்சம் கூடிய வேக்ஸுக்கு மாறுவதும் உண்டு. காற்று வறண்ட நாட்களில் செக்ஷன் பறந்து போய் பிளேடிலும் விரலிலும் ஒட்டுகிறது என்றால் அது ஸ்டாட்டிக் மின்சாரம். ஃபேனை அணைத்துவிட்டு, மைக்ரோடோமுக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் சுடுதண்ணீர் வையுங்கள்.

கேள்வி (அரூர், லேப் டெக்னாலஜி டிப்ளமோ (டி.எம்.எல்.டி.) மாணவி): வாட்டர் பாத்தில் போர் தண்ணீர் ஊற்றக் கூடாது என்கிறார் சார். ஃப்ளோரைடு இருப்பதாலா? ஆனால் ஹெமடாக்ஸிலின் சாயம் போட்ட பிறகு அதே குழாய்த் தண்ணீரில்தானே கழுவுகிறோம்?

பதில்: நல்ல கேள்வி, கவனித்துப் பார்க்கிறவர்கள்தான் இப்படிக் கேட்பார்கள். நம் இரண்டு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த சேதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கக் கூடாது, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் வாட்டர் பாத்தில் தொல்லை கொடுப்பது ஃப்ளோரைடு இல்லை. கால்சியம், மக்னீசியம் உப்புகள். தண்ணீர் சூடாகும்போது அவை படிந்து, செக்ஷனோடு சேர்ந்து ஸ்லைடில் ஏறி, மைக்ராஸ்கோப்பில் துகள் துகளாகத் தெரியும். பார்க்கிறவர் டிஷ்யூவில் சுண்ணாம்புப் படிவு இருக்கிறதோ என்று யோசிக்க வேண்டிவரும். போதாததற்குக் குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று சூட்டில் குமிழாகக் கிளம்பி செக்ஷனுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். அதனால் டிஸ்டில்டு வாட்டர், முடிந்தால் கொதிக்க வைத்து ஆறவிட்டது. அதையும் தினமும் மாற்ற வேண்டும்.

ஹெமடாக்ஸிலின் விஷயம் வேறு. அமிலத்தில் சிவப்பாக நிற்கிற அந்தச் சாயம் காரத்தன்மை பட்டால்தான் நீலமாகும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீரின் உப்பும் காரமும் அந்த வேலையைத் தானாகவே செய்துவிடுகின்றன. டிஸ்டில்டு வாட்டரில் கழுவிப் பாருங்கள், செல்லின் நியூக்ளியஸ் (உட்கரு) செம்பழுப்பாகவே நிற்கும். மென்தண்ணீர் ஊர்களில் இதற்கென்றே மக்னீசியம் சல்ஃபேட்டும் சோடியம் பைகார்பனேட்டும் கலந்து வைத்துக்கொள்கிறார்கள். அரூரில் உங்களுக்கு அந்தச் செலவு மிச்சம்.

வாட்டர் பாத் சூட்டையும் சொல்லிவிடுகிறேன். வேக்ஸின் உருகுநிலையைவிட ஏறக்குறைய 10 டிகிரி கீழே, பொதுவாக 42 முதல் 45 டிகிரி செல்சியஸ். குறைந்தால் சுருக்கம் விரியாது. கூடினால் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, நிணநீர்க் கணு ஸ்லைடில் இல்லாத இடைவெளியெல்லாம் தெரியும். டயலை நம்பாமல் ஒரு தெர்மாமீட்டரைத் தண்ணீரில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி (கிருஷ்ணகிரி, லேப் பொறுப்பாளர்): வெளியூர் கிளினிக்குகளில் இருந்து வரும் ஸ்பெசிமன்களில் பிளாக்கின் நடுப்பகுதி குழிந்து போகிறது. வெட்டினால் நடுவில் ஓட்டை, இல்லையென்றால் வாட்டர் பாத்தில் போட்டதும் அந்த இடம் மட்டும் சிதறிக் கழன்றுவிடுகிறது. என் டெக்னீஷியன் நன்றாக வெட்டக்கூடியவர். எங்கே தவறு?

பதில்: உங்கள் டெக்னீஷியன் மேல் தவறில்லை. அவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள், பாவம், எத்தனை பேர் இதற்காகத் திட்டு வாங்குகிறார்கள். அந்த ஓட்டை அறுவை சிகிச்சை அறையிலேயே தொடங்கிவிட்டது.

டிஷ்யூ அழுகாமல் பதப்படுத்தும் ஃபார்மலின் அதற்குள் ஏறக்குறைய ஒரு மணிக்கு ஒரு மில்லிமீட்டர்தான் நுழைகிறது, ஆழம் போகப் போக அதுவும் குறையும். மார்பகக் கட்டியை முழுசாக, அறுக்காமல், வாய் குறுகிய பாட்டிலில் அமுக்கி, மூழ்கக்கூட போதாத அளவு ஃபார்மலின் ஊற்றி, பஸ்ஸில் ஏற்றி அனுப்பினால் உங்கள் கைக்கு வரும்போது ஓரம் மட்டும் பதப்பட்டு நடுவே அழுகத் தொடங்கியிருக்கும். ஃபார்மலினுக்குப் பதில் சலைனில் (உப்பு நீரில்) அனுப்புகிறவர்களும் உண்டு, அதைவிடக் கொடுமை வேறில்லை. பதப்படாத நடுப்பகுதியில் இருந்து ஆல்கஹால் தண்ணீரை முழுதாக எடுக்க முடியாது, தண்ணீர் நின்ற இடத்தில் சைலீன் ஏறாது, சைலீன் ஏறாத இடத்தில் வேக்ஸ் ஏறாது. வேக்ஸ் இல்லாத இடம் குழிகிறது, சிதறுகிறது. அவ்வளவுதான்.

ஆகவே கிளினிக்குகளுக்கு நீங்களே ஃபார்மலின் ஊற்றிய அகன்ற வாய்ப் பாட்டில்களைக் கொடுத்தனுப்புங்கள். டிஷ்யூவின் கொள்ளளவைப் போல் குறைந்தது பத்து மடங்கு ஃபார்மலின். கடையில் வாங்கும் அடர் ஃபார்மலின் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு, அந்தக் கரைசலில் லிட்டருக்கு சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். இந்த உப்புகளை மிச்சம் பிடித்தால் ஃபார்மலின் அமிலமாகி, ரத்தம் அதிகமுள்ள டிஷ்யூவில் கரும்பழுப்புப் பொடி படியும். பெரிய ஸ்பெசிமன் கைக்கு வந்ததும் பேத்தாலஜிஸ்டை (ஸ்லைடைப் பார்த்து நோயைச் சொல்லும் டாக்டரை) கூப்பிட்டு, இரண்டாவது வேலையாக வைக்காமல் உடனே துண்டு துண்டாகக் கீறித் திறக்கச் சொல்லுங்கள். காசெட்டில் போகும் துண்டு 4 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். மூடி கஷ்டப்பட்டு மூடினால் துண்டு பெரிது என்று அர்த்தம்.

இப்போது கையில் இருக்கும் பிளாக்கை என்ன செய்வது? வேக்ஸை உருக்கி, டிஷ்யூவைச் சைலீனில் போட்டு, அப்புறம் ஆல்கஹாலுக்குத் திரும்பக் கொண்டுபோய், மறுபடி பிராசஸ் செய்யலாம். ஓரளவு காப்பாற்றும். ஆனால் அழுகிப் போனதை எந்த பிராசஸிங்கும் மீட்காது. சின்ன பயாப்ஸி என்றால் உருக்குவதற்கு முன்னால் பேத்தாலஜிஸ்டிடம் கேட்டுவிடுங்கள், கிடைத்த அரைகுறை செக்ஷனே அவருக்குப் போதுமானதாக இருக்கலாம்.

கேள்வி (பாலக்கோடு, வாசகர்): அம்மாவுக்கு வாயில் ஆறாத புண். பயாப்ஸி எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் 'கிரஷ் ஆர்டிஃபாக்ட், மறு பயாப்ஸி தேவை' என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் புற்றுநோய் என்று மறைமுகமாகச் சொல்கிறார்களா?

பதில்: இல்லை. அது நோயின் பெயரே இல்லை. சதையை எடுக்கும்போது ஃபோர்செப்ஸ் அழுத்தியதில் செல்கள் நசுங்கி, நியூக்ளியஸ் எல்லாம் இழுபட்டு நூல் நூலாகத் தெரிகிறது, அதை வைத்து இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்ல முடியவில்லை என்று அர்த்தம். அப்படி எழுதியவர் தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதவில்லை, அது நல்லது.

முதலில் ஒன்று கேளுங்கள்: பிளாக்கில் இன்னும் டிஷ்யூ இருக்கிறதா, ஆழமாக வெட்டிப் பார்த்தார்களா? சில சமயம் உள்ளே நசுங்காத பகுதி கிடைத்து, அம்மாவுக்கு இன்னொரு ஊசி இல்லாமலே விடை கிடைத்துவிடும். இல்லையென்றால் மறு பயாப்ஸிக்குத் தயங்க வேண்டாம். அம்மாவுக்கு வெற்றிலை, புகையிலை பழக்கம் இருந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப் போடாதீர்கள். சேலம் வரை ஓட வேண்டிய காலம் போய்விட்டது, தருமபுரியில் 2008 முதலும் கிருஷ்ணகிரியில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பழைய ரிப்போர்ட்டையும் முடிந்தால் ஸ்லைடையும் கையோடு கொண்டு போங்கள்.

கேள்வி (காவேரிப்பட்டணம்): பித்தப்பை ஸ்லைடில் ஓரமாகத் தைராய்டு மாதிரி ஒரு துணுக்கு இருந்ததாம். பேத்தாலஜிஸ்ட் கோபமாகக் கூப்பிட்டார். எப்படி வந்திருக்கும்?

பதில்: அவர் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. இன்று வந்தது தைராய்டு, பார்த்த உடனே இது இங்கே இருக்க வழியில்லை என்று தெரிந்துவிட்டது. புற்றுநோய்த் துணுக்கு ஒன்று இன்னொருவரின் குடல் பயாப்ஸி ஸ்லைடில் ஏறியிருந்தால்? யாரோ ஒருவருக்கு வேண்டாத ஆபரேஷன் நடந்திருக்கும்.

பிளாக்கை எடுத்து இன்னும் ஆழமாக வெட்டிப் பாருங்கள். புது செக்ஷனில் அந்தத் துணுக்கு இல்லை என்றால் பெரும்பாலும் வாட்டர் பாத்தில் இருந்து வந்தது. முந்தைய பிளாக் வெட்டியபோது மிதந்ததை எடுக்காமல் விட்டிருப்பீர்கள். அங்கேயும் இருந்தால் அது பிளாக்குக்குள்ளேயே இருக்கிறது, ஸ்பெசிமனைத் துண்டாக்கும் கிராஸிங் பலகையிலோ கத்தியிலோ வேக்ஸில் புதைக்கும் எம்பெடிங் ஃபோர்செப்ஸிலோ ஒட்டி வந்தது. ஒவ்வொரு பிளாக் முடிந்ததும் டிஷ்யூ பேப்பரைத் தண்ணீர் மேல்பரப்பில் இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரம் வரை இழுத்து எடுங்கள். ஒவ்வொரு காசெட்டுக்கும் நடுவில் ஃபோர்செப்ஸைத் துடையுங்கள். தைராய்டுக்கு அடுத்து தைராய்டு என்று ஒரே வகை டிஷ்யூவை வரிசையாக வெட்ட வேண்டாம், கலந்து வெட்டினால் தப்பி வந்தது உடனே கண்ணில் படும். பழைய ஸ்லைடைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அன்று எந்தெந்த பிளாக்குகளை எந்த வரிசையில் வெட்டினீர்கள் என்ற குறிப்போடு, புது செக்ஷனையும் சேர்த்து அவரிடம் கொடுங்கள்.