யுசிசி-1 படிவமும் நம்ம ஊர் இனிஷியலும்: கேள்வி பதில்

அமெரிக்காவில் தொழில் கடனுக்குச் சரக்கு, இயந்திரம், வரவேண்டிய பாக்கி ஆகியவற்றை ஈடாக எழுதி வாங்கினால், மாநில அரசிடம் யுசிசி-1 படிவம் (இந்த ஈடு எனக்கு என்று எல்லோருக்கும் தெரிவிக்கும் அறிவிப்பு) பதிய வேண்டும். பதியாதவர், கடன் வாங்கியவர் திவாலானால் ஈடு இல்லாதவர்களோடு கடைசி வரிசையில் நிற்பார். நான் வங்கியில் கடன் ஆவணங்கள் பார்க்கிறேன், வக்கீல் இல்லை. கேளுங்கள்.

டல்லாஸ் வாசகர்: நண்பரின் எல்எல்சிக்கு 60,000 டாலர் கொடுக்கிறேன். கம்பெனி டெலவேரில் பதிவானது, கடை டெக்சஸில். எங்கே பதிவது?

டெலவேரில். கம்பெனி எந்த மாநிலத்தில் உருவாக்கப்பட்டதோ அங்கே. சரக்கு எங்கே கிடந்தாலும் கணக்கில்லை. தனி ஆளுக்குக் கொடுத்தால் அவர் குடியிருக்கும் மாநிலம். பணம் கொடுப்பதற்கு முன்பே, அவர் சம்மதத்தை எழுதி வாங்கிக்கொண்டு பதிந்துவிடலாம். அதுதான் நல்லதும்கூட.

எடிசன் வாசகர்: கடையை ஒரு கம்பெனிக்கு விற்றேன், பாதிப் பணம் தவணையில் வர வேண்டும். போன வருடம் கடைப் பலகையில் இருக்கும் பெயரில் யுசிசி-1 பதிந்தேன். ஊரில் எல்லோருக்கும் அந்தப் பெயர்தான் தெரியும். போதும்தானே?

போதாது. வாங்கிய கம்பெனியைத் தொடங்க மாநிலத்திடம் தாக்கல் செய்த ஆவணத்தில் என்ன பெயரோ, அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போட வேண்டும். வரி எண் கடிதம், செக் புத்தகம், மாநில வெப்சைட்டில் வரும் கம்பெனிப் பட்டியல் எதுவும் அதற்குப் பதிலாகாது.

சின்னப் பிழைக்குச் சட்டத்தில் ஒரு மன்னிப்பு உண்டு. சரியான பெயரைப் பதிவு அலுவலகத்தின் தேடலில் போட்டு, உங்கள் பதிவும் வந்துவிட்டால் பிழையிருந்தாலும் செல்லும். ஆனால் ஃப்ளோரிடாவில் ஒரு கம்பெனியின் பெயரில் 'புலவார்ட்' என்று முழுதாக இருக்க, கடன் கொடுத்தவர் சுருக்கி 'பிஎல்விடி' என்று பதிந்துவிட்டார். அந்த மாநிலத் தேடல் அகரவரிசைப் பட்டியலைத் திறந்துவிட்டு முன்னும் பின்னும் புரட்டச் சொல்லும். இது சட்டம் சொல்லும் தேடலே அல்ல, ஆகவே மன்னிப்பும் இல்லை என்று 2022-இல் ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு சுருக்கெழுத்தால் ஈடு போச்சு.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன்: பதிந்ததும் சரியான பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். அலுவலகம் வாங்கிக்கொண்டது என்பதற்காகப் படிவம் சரி என்று ஆகிவிடாது. அவர்கள் கட்டணத்தையும் நிரப்பிய கட்டங்களையும் பார்ப்பார்கள், பெயர் சரியா என்று பார்ப்பது அவர்கள் வேலை இல்லை.

சார்லட் வாசகர்: கடன் வாங்குபவர் தனி ஆள். ஊரில் சு. முருகேசன். லைசென்ஸில் முதல் பெயர் முருகேசன், சர்நேம் அப்பா பெயர் சுப்பையா. படிவத்தில் எப்படி எழுதுவது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நம்மவர் பலர் சர்நேம் கட்டத்தில் முருகேசன், இனிஷியல் கட்டத்தில் 'எஸ்' என்று நிரப்பிவிடுகிறார்கள். சுப்பையா என்று தேடுகிறவருக்கு அது கிடைக்காது. பெரும்பாலான மாநிலங்களில் 2013 ஜூலை முதல் விதி இதுதான்: காலாவதியாகாத டிரைவிங் லைசென்ஸ் இருந்தால், அதில் உள்ள பெயர்தான் பெயர். சர்நேம் சுப்பையா, முதல் பெயர் முருகேசன், முடிந்தது. தனி ஆளின் பெயரை நிறுவனத்துக்கான கட்டத்தில் போட்டுவிடாதீர்கள், அதுவும் அடிக்கடி நடக்கிறது.

லைசென்ஸின் நகலை வாங்கும்போது காலாவதித் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் பெயர் மாறி, பழைய பதிவு தேடலில் வராமல் போனால், நான்கு மாதத்துக்குள் திருத்த வேண்டும். விட்டால் அதற்குப் பிறகு வரும் சரக்கு உங்கள் ஈட்டில் சேராது.

ஃப்ரீமாண்ட் வாசகர்: லைசென்ஸில் ஸ்பெல்லிங் தப்பு என்றால்? பாஸ்போர்ட்தானே பெரிய ஆவணம்?

தப்போடுதான் பதிய வேண்டும். பாஸ்போர்ட் பெரிய ஆவணம்தான், ஆனால் இந்த விதி அதைக் கேட்கவில்லை.

ஃப்ரீமாண்ட் வாசகர்: தெரிந்தே தப்பாக எழுதச் சொல்கிறீர்கள். கோர்ட்டில் நிற்குமா?

நிற்கும். பின்னால் கடன் கொடுக்க வருபவர் லைசென்ஸைப் பார்த்துத்தான் தேடுவார். படிவம் அவருக்கான அறிவிப்பு, ஜாதகம் இல்லை.

அட்லாண்டா வாசகர்: என் லைசென்ஸில் முதல் பெயரே 'எஃப்என்யு', அதாவது 'முதல் பெயர் தெரியாது'. பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி என்று விசாவில் இப்படிச் செய்துவிட்டார்கள். எனக்குக் கடன் கொடுப்பவர் என்ன செய்வார்?

பாவம் அவர். நானாக இருந்தால் லைசென்ஸில் உள்ளபடி ஒரு பெயர், உங்கள் நிஜப் பெயர் இன்னொன்று, இரண்டையும் ஒரே படிவத்தில் சேர்ப்பேன். கூடுதல் பெயர் சேர்ப்பதில் தப்பே இல்லை. ஃப்ரீமாண்ட் சார், உங்களுக்கும் இதே வழிதான், நிம்மதியாகத் தூங்கலாம்.

ஃப்ரீமாண்ட் வாசகர்: அப்பா பெயரைச் சர்நேம் ஆக்கியதே வெள்ளைக்காரன் செய்த...

அதை வேறொரு நாள் சண்டை போடுவோம்.

சிகாகோ வாசகர்: பதிவு எத்தனை நாள் செல்லும்?

ஐந்து வருடம். கடைசி ஆறு மாதத்துக்குள் யுசிசி-3 (பதிவை நீட்டிக்க, திருத்த, ரத்து செய்யப் போடும் படிவம்) போட்டு நீட்டிக்க வேண்டும். அதற்கு முன்பே போட்டால் செல்லாது.

டாம்பா வாசகர்: பத்து வருடக் கடன். பதிவும் பத்து வருடம்தானே?

இல்லை, ஐந்து. மேலே பாருங்கள்.

சியாட்டில் வாசகர்: ஏழாவது மாதத்திலேயே நீட்டித்துவிட்டேன், பரவாயில்லையா?

முடிய ஏழு மாதம் இருக்கும்போதா? செல்லாது. ஆறு மாதம் தொடங்கியதும் மறுபடி போடுங்கள். ஐந்து வருடக் கேள்விக்கு இனி பதில் கிடையாது.

ஹூஸ்டன் வாசகர்: ஒரு கடன் அடைந்துவிட்டது. அந்த ஆள் பெயரில் இருக்கும் எல்லாப் பதிவையும் ரத்து செய்யலாமா?

ஐயோ, வேண்டாம். ஜெனரல் மோட்டார்ஸ் 2008-இல் ஒரு பழைய கடனை அடைத்தபோது ரத்துப் பட்டியலில் சம்பந்தமே இல்லாத இன்னொரு பதிவும் நுழைந்தது. அது 150 கோடி டாலர் கடனுக்கான பதிவு. வக்கீல்கள், வங்கி, கம்பெனி எல்லோரும் பார்த்தார்கள், ஒருவருக்கும் கண்ணில் படவில்லை. 2009-இல் கம்பெனி திவால். ரத்தைத் தாக்கல் செய்ய, கடன் கொடுத்த வங்கி சம்மதித்ததா இல்லையா என்பதுதான் கேள்வி, ரத்தின் விளைவு தெரியாது என்பது சாக்கு ஆகாது என்று 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பதிவு எண்ணை ஒவ்வொன்றாக, இரண்டு பேர் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ரத்து செய்யுங்கள்.

ராலே வாசகர்: கடனை அடைத்துவிட்டேன். கொடுத்தவர் ரத்து செய்யவே மாட்டேன் என்கிறார்.

எழுத்தில் கேளுங்கள். தொழில் கடனில், கேட்ட 20 நாளுக்குள் அவர் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் 500 டாலரோடு உங்களுக்கு ஆன நஷ்டத்தையும் கேட்கலாம்.

ஃபீனிக்ஸ் வாசகர்: லாரிக்கும் யுசிசி-1 தானே?

வியாபாரத்துக்கு ஓட்டும் லாரிக்கு டைட்டிலில் (வாகன உரிமைச் சான்றிதழில்) கடன் கொடுத்தவராக உங்கள் பெயர் ஏற வேண்டும். வாகனத் துறையிடம் போங்கள்.

பாஸ்டன் வாசகர்: வீட்டுக் கடன், எச்1பி...

இங்கே இல்லை.

கொலம்பஸ் வாசகர்: 'எல்லாச் சொத்துகளும்' என்று எழுதினால் போதுமா?

யுசிசி-1 படிவத்தில் போதும். ஒப்பந்தத்தில் போதாது, அங்கே சரக்கு, இயந்திரம், பாக்கி என்று வகைவகையாக எழுத வேண்டும். ஒப்பந்தத்தில் ஓட்டை இருந்தால் படிவம் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

எடிசன் வாசகர்: கம்பெனியின் சட்டப்படியான பெயரைப் போட்டுத் தேடினேன். என் பதிவு வரவில்லை.

இன்றைக்கே யுசிசி-3 போட்டுப் பெயரைத் திருத்துங்கள். திருத்திய தேதியிலிருந்துதான் வரிசையில் உங்கள் இடம். போன வருடத்துக்கும் இன்றைக்கும் நடுவில் வேறு யாராவது சரியான பெயரில் பதிந்திருந்தால் அவர்தான் முன்னால். தேடியபோது வேறு பெயர் ஏதாவது வந்ததா?

எடிசன் வாசகர்: ஒரு வங்கி வந்தது. மார்ச் மாதம்.

அப்படியானால் படிவத்தோடு நிற்காதீர்கள், நாளைக்கே வக்கீலைப் பாருங்கள்.