விமானப் பயத்தோடு, பயணம் நிறைந்த வேலையை ஏற்கலாமா?

கேள்வி: பிடித்த துறையில் ஒரு வேலை வந்திருக்கிறது. மாதத்துக்கு மூன்று நான்கு முறையாவது விமானத்தில் போக வேண்டியிருக்கும் என்கிறார்கள். எனக்கோ விமானம் என்றாலே வயிற்றைப் பிசைகிறது. ஒத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா?

இதே கேள்விக்கு நான் இரண்டு முறை பதில் சொல்லியிருக்கிறேன். முதல் முறை வேண்டாம் என்றேன். நான்கு வருடம் கழித்து, கிட்டத்தட்ட அதே வேலை வேறொரு நிறுவனத்திலிருந்து வந்தபோது சரி என்றேன். இன்றும் அந்த வேலையில்தான் இருக்கிறேன். முதல் முறை மறுத்தேனே என்று இப்போது வருத்தமில்லை. மறுத்த விதத்தை நினைத்தால்தான் வருத்தம். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மருத்துவமனைகளில் டயாலிசிஸ் இயந்திரங்களைப் பொருத்தி, அங்குள்ள டெக்னீசியன்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஓர் இடத்தில் மூன்று நாள், அடுத்த இடத்தில் இரண்டு நாள் என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். முதல் ஆஃபர் லெட்டர் வந்தபோது சம்பளத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. ‘பயணம்’ என்ற தலைப்பின் கீழ் இருந்த இரண்டு வரிகளைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அன்று ராத்திரி தூக்கமே இல்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, குடும்பச் சூழ்நிலை காரணமாக ஏற்க இயலவில்லை என்று ஒரு பொய்யை எழுதி அனுப்பினேன். அனுப்பிய மறு நிமிடமே நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. இவ்வளவு நிம்மதியாக இருக்கிறதே, அப்படியென்றால் முடிவு சரிதான் என்று நம்பிவிட்டேன்.

அந்த நிம்மதியை நம்பாதீர்கள். பயந்த ஒன்றிலிருந்து விலகினால் யாருக்கும் நிம்மதி வரும். வேலை நல்லதா கெட்டதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போதாக்குறைக்கு, அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி. விலகினோம், அதனால் பிழைத்தோம் என்று மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரமாகவே எச்சரிக்கத் தொடங்குகிறது. என் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. வேலையை மறுத்தபோது விமானத்தில் ஏறுவதற்குத்தான் பயந்தேன். ஒரு வருடத்தில், யாராவது டிக்கெட் என்று பேச்செடுத்தாலே உள்ளங்கை வியர்க்க ஆரம்பித்துவிட்டது. அக்காவுக்குக் குழந்தை பிறந்தபோது ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய இடத்துக்கு ஒன்றரை நாள் ரயிலில் போனேன். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. அந்தப் பயணத்திலிருந்து திரும்பிய வாரம்தான் மனநல ஆலோசகரிடம் போனேன்.

அவர் கேட்ட முதல் கேள்வியை உங்களிடமும் கேட்கிறேன்: “விமானம் விழுந்துவிடும் என்று பயமா, விமானத்துக்குள் உங்களுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயமா?” எனக்கு அதுவரை இரண்டும் வேறு வேறு என்றே தெரியாது. எல்லோரும் விமானப் பயம் என்று ஒரே பெயர் வைத்துவிடுகிறோம். ஒருவருக்கு விபத்து, இன்னொருவருக்கு உயரம். வேறொருவருக்கு, முகம் தெரியாத ஒரு விமானியின் கையில் தன்னை ஒப்படைப்பது. சிலருக்கு, நூறு பேர் நடுவில் படபடப்பு வந்து மூச்சு முட்டினால் என்ன செய்வது என்ற பயம், அதாவது பயத்தைப் பற்றிய பயம். யோசித்துப் பார்த்தால் எனக்கு விமானம் விழும் என்ற நினைப்பே பெரிதாக இல்லை. கதவைச் சாத்திவிடுவார்கள், இனி இறங்க முடியாது என்ற அந்த ஒரு நொடிதான். அதனால்தான் நண்பர்கள் அடுக்கிய பாதுகாப்புப் புள்ளிவிவரம் எதுவும் என்னிடம் எடுபடவில்லை. நான் கேட்காத கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

உங்கள் பயம் விபத்தைப் பற்றியது என்றால் அந்த விவரங்கள் உங்களுக்குக் கட்டாயம் உதவும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்னால்ட் பார்னெட் பல பத்தாண்டுகளாக இந்தக் கணக்கைப் போட்டுவருகிறார். உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், 1968-77 காலத்தில் விமானம் ஏறிய ஏறத்தாழ 3.5 லட்சம் தடவைக்கு ஒரு பயணி உயிரிழந்தார். 2018-22 காலத்தில் அது 1 கோடியே 37 லட்சம் தடவைக்கு ஒருவர். 

டர்புலன்ஸ், அதாவது காற்றின் கொந்தளிப்பில் விமானம் ஆடுவதுதான் பலரின் பெரிய பயம். விமானம் ஆடும்போது நூறு மீட்டர் கீழே விழுந்துவிட்டோம் என்று உடம்பு சொல்லும். உண்மையில் அது பெரும்பாலும் சில மீட்டர்தான். பறக்கும்போது வரக்கூடிய அதிகபட்ச சுமை என்று ஒன்றைக் கணக்கிட்டு, அதைப்போல் ஒன்றரை மடங்கை இறக்கை தாங்க வேண்டும் என்பது விதி. 1995-ல் போயிங் 777-ன் இறக்கைகளை வேண்டுமென்றே உடையும்வரை வளைத்துப் பார்த்தார்கள். நுனி ஏழு மீட்டருக்கு மேல் உயர்ந்தது. 154 சதவீதச் சுமையில்தான் உடைந்தது. ஜன்னல் வழியே இறக்கை ஆடுவதைப் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். வளையத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். டர்புலன்ஸில் அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் சீட் பெல்ட் போடாதவர்கள். அதனால் சீட் பெல்ட் விளக்கு அணைந்த பிறகும் பெல்ட்டைக் கழற்ற வேண்டாம்.

இன்ஜின் நின்றுவிட்டால்? ஒரு இன்ஜின் நின்றாலும் மற்றொன்றில் பறந்து பத்திரமாக இறங்கும்படிதான் விமானத்தை வடிவமைக்கிறார்கள். இரண்டுமே நின்றாலும் விமானம் கல்லைப் போல் விழுவதில்லை, சறுக்கிக்கொண்டு வரும். 2001 ஆகஸ்டில் அட்லாண்டிக் கடலுக்கு மேல் எரிபொருள் கசிந்து ஒரு ஏர்பஸ் ஏ330-ன் இரண்டு இன்ஜின்களும் நின்றன. விமானிகள் சுமார் 120 கிலோமீட்டர் இன்ஜினே இல்லாமல் சறுக்கிவந்து அசோர்ஸ் தீவு ஒன்றில் இறக்கினார்கள். அதில் இருந்த 306 பேரும் பிழைத்தார்கள். விபத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு இதையும் சொல்வேன்: மேலே கிளம்பிய சிறிது நேரத்தில், தரையிலிருந்து 300, 400 மீட்டர் உயரத்தில், இன்ஜின் சத்தம் சட்டென்று குறையும். உடம்பு கீழே இறங்குவதுபோல் இருக்கும். என் பக்கத்து இருக்கைக்காரர்கள் எத்தனையோ பேர் அந்த இடத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். தரையிலிருந்து கிளம்புவதற்கான விசை இனித் தேவையில்லை என்று குறைக்கிறார்கள், அவ்வளவுதான். விமானம் அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

என்னைப் போன்ற பயத்துக்கு இந்த விவரங்கள் போதாது, பழக்கம்தான் மருந்து. எக்ஸ்போஷர் தெரபி என்பார்கள்; பயந்ததை, தாங்கக்கூடிய அளவில், படிப்படியாக, விலகாமல் சந்திப்பது. எனக்கு முதல் படி வீட்டில் உட்கார்ந்து விமானத்துக்குள் பதிவான ஒலிகளைக் கேட்பது. அடுத்து விமான நிலையத்துக்குப் போய், யாரையும் அழைத்துவரும் வேலையில்லாமல், வருகைப் பகுதியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது. பிறகு லிப்டில், கதவு மூடும் அந்த நொடியைத் தப்பிக்காமல் கவனிப்பது. இப்போது விர்ச்சுவல் ரியாலிட்டி கண்ணாடி வைத்தும் செய்கிறார்கள். 2000-ல் வெளியான ஓர் ஆய்வில், அந்தக் கண்ணாடியோடு பழகியவர்களும் நிஜ விமான நிலையத்துக்குப் போய்ப் பழகியவர்களும் ஒரே அளவு தேறியிருந்தார்கள். பக்கத்தில் விமான நிலையம் இல்லாதவர்களுக்கு இது நல்ல செய்தி.

மாத்திரை போட்டுக்கொண்டு சமாளிக்கலாமா என்று நீங்கள் நினைக்கக்கூடும். நானும் நினைத்தேன். 1997-ல் வெளிவந்த ஓர் ஆய்வை ஆலோசகர் காட்டினார். விமானப் பயம் உள்ள 28 பெண்களை ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை பறக்கவைத்தார்கள். முதல் பயணத்துக்கு முன்பு பாதிப் பேருக்குப் பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. அல்பிரசோலம் போட்டவர்கள் அன்றைக்குப் பயம் குறைவாக இருந்தது என்றார்கள். அடுத்த வாரம் மாத்திரை இல்லாமல் பறந்தபோது, மற்றவர்களைவிட அவர்களுக்குத்தான் படபடப்பு அதிகம் வந்தது. எப்போதோ ஒருமுறை பறக்கிறவருக்கு மருத்துவர் மாத்திரை கொடுப்பது வேறு விஷயம். மாதம் நான்கு முறை பறக்கப்போகிற உங்களுக்கு, பயத்தைப் பழக விடாத ஒரு வழி சரிப்படாது என்றே நினைக்கிறேன். எதுவானாலும் மருத்துவரிடம் கேளுங்கள், மதுவோடு மட்டும் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

இரண்டாவது ஆஃபர் வந்தபோது நான் ஆலோசகருடன் ஆறாவது அமர்வில் இருந்தேன். இந்த முறை ராத்திரியில் முடிவெடுக்கவில்லை. பதில் சொல்ல மூன்று வாரம் அவகாசம் கேட்டேன், கொடுத்தார்கள். அந்த மூன்று வாரத்துக்குள் ஒரு மணி நேரப் பயணம் ஒன்றுக்கு, போக வர டிக்கெட் எடுத்தேன். வேலை ஏதும் இல்லை. போய் இறங்கி, சாப்பிட்டு, அடுத்த விமானத்தில் திரும்புவதுதான் திட்டம். கதவு சாத்தும்போது பயத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று ஒரு தாளில் குறித்தேன்: ஒன்பது. கண்ணை மூடவில்லை, பாட்டுக் கேட்கவில்லை, பயம் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டே மூச்சை மட்டும் மெதுவாக வெளியே விட்டேன். இருபது நிமிடம் கழித்து ஆறு. இறங்கும்போது நான்கு. திரும்பும் விமானத்தில் கதவு சாத்தியபோது ஏழு. வீட்டுக்கு வந்து அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஆஃபர் லெட்டரை மறுபடி படித்தேன். சம்பளமும் வேலையும் அப்போதுதான் கண்ணில் பட்டன.

நான் சொல்ல விரும்புவது இதைத்தான். பயத்தோடு படுக்கையில் புரளும்போது முடிவெடுக்காதீர்கள். ஒரு குறும்பயணம் போய்விட்டு வந்த கையோடு எடுங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் அது உங்கள் முடிவு.

வேண்டாம் என்பதும் நியாயமான முடிவாக இருக்கலாம். உங்களையே ஒன்று கேட்டுப்பாருங்கள்: இதே வேலை, இதே ஊர்சுற்றல், ஆனால் எல்லாமே ரயிலில் என்றால் ஒத்துக்கொள்வேனா? மாட்டேன் என்று பதில் வந்தால் சிக்கல் விமானத்தில் இல்லை. வாரத்தில் பாதி நாள் ஓட்டல் அறையில் கழிப்பதும், வீட்டில் இருப்பவர்களைப் பார்க்காமல் இருப்பதும் எல்லோருக்கும் ஒத்துவராது. என்னோடு சேர்ந்த ஒருவர் விமானத்தில் நிம்மதியாகத் தூங்குவார். எட்டே மாதத்தில் வேலையை விட்டார். குழந்தைகளைப் பிரிந்திருக்க முடியவில்லை. அந்த ஏக்கம் பழகப் பழகக் குறைவதில்லை. விமானப் பயம் குறையும். இந்த வித்தியாசத்தை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

ஏற்பதாக இருந்தால் பயத்தை மறைக்காமல் சொல்லிவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். நெதர்லாந்து கால்பந்து வீரர் டென்னிஸ் பெர்க்காம்ப் 1994 உலகக் கோப்பைக்குப் பிறகு விமானம் ஏறுவதையே நிறுத்தினார். 1995-ல் அவர் இங்கிலாந்தின் ஆர்சனல் அணிக்கு வந்தார். ஒப்பந்தப் பேச்சுகளில் அதையும் பேசி, அதற்காகப் பணத்தில் குறைப்பார்கள் என்பதையும் ஏற்றுக்கொண்டு, 2006 வரை அங்கே விளையாடினார். சாலை வழியாகவோ ரயிலிலோ போய்ச் சேர முடியாத ஆட்டங்களை விட்டுக்கொடுத்தார். நமக்கு அவ்வளவு பேரம் பேசும் பலம் இல்லைதான். ஆனாலும் வாயைத் திறந்து கேட்டால் கிடைக்கக்கூடியவை உண்டு. என் மேலாளரிடம் போனில் சொன்னபோது குரல் நடுங்கியது. “சார், எனக்கு விமானத்தில் பயம் உண்டு, சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கிறேன், வேலையை நிச்சயம் செய்வேன், முதல் மூன்று மாதம் மட்டும் கொஞ்சம் வசதி வேண்டும்” என்றேன். சிறிது நேரம் அமைதி. பிறகு, “என்ன வசதி, பட்டியல் போட்டு அனுப்புங்கள்” என்றார். இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் முதல் மூன்று மாதம் வேண்டாம். பக்கத்துப் பக்கத்து ஊர்களை ஒரே சுற்றில் சேர்த்துவிட வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் ரயிலில் போக முடிகிற இடத்துக்கு ரயில். காலை விமானம், ஓரத்து இருக்கை. இவ்வளவுதான் கேட்டேன். தரை சூடாவதற்கு முன் காற்று அமைதியாக இருப்பதால் காலை விமானங்களில் ஆட்டம் பொதுவாகக் குறைவு. இறக்கைக்கு மேலுள்ள வரிசைகளில் இன்னும் குறைவு. ரயிலைத் தவிர மற்றதெல்லாம் கிடைத்தது.

விமானத்தைத் தவிர்த்துக் காரில் போய்விடலாம் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் ஏராளமானோர் அதைத்தான் செய்தார்கள். அடுத்த 12 மாதங்களில் அதனால் மட்டும் சாலையில் கூடுதலாக 1,500 பேர் வரை இறந்திருப்பார்கள் என்று உளவியலாளர் கெர்ட் கிகெரன்சர் கணக்கிட்டார். நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தோடு ஓட்டிப்போய், காலையில் ஒரு நோயாளியின் உயிர் தொங்கும் இயந்திரத்தில் கைவைக்க நான் தயாராக இல்லை.

ஆறு வருடமாகிறது. பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. கதவு சாத்தும்போது இன்றும் நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்ப்பேன். இரண்டு, மூன்று என்று மதிப்பெண் போடும் அளவில் இருக்கிறது. போன மாதம் ஒரு மருத்துவமனையில் புதிய இயந்திரத்தில் முதல் நோயாளியை இணைத்தபோது, பயிற்சி பெற்ற அந்தப் பெண் எல்லாவற்றையும் என்னைக் கேட்காமலேயே சரியாகச் செய்தாள். அங்கே போக மூன்று மணி நேர விமானம். போகும்போது பயம் எத்தனை என்று குறித்துக்கொள்ள மறந்துபோனதை, திரும்பும்போதுதான் கவனித்தேன்.

பதில் சொல்ல உங்களுக்கு எத்தனை நாள் கொடுத்திருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று வாரம் கேளுங்கள். இரண்டு கிடைத்தாலும் ஒரு குறும்பயணத்துக்குப் போதும். போக மட்டும் எடுக்காமல், திரும்பி வரவும் சேர்த்தே டிக்கெட் எடுங்கள். இரண்டாவது கதவு சாத்தும்போதுதான் வித்தியாசம் தெரியும்.